மிதிவண்டியில் ஒரு மலைப்பயணம்

நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் மிக எளியது. உங்களில் பலருடைய வீட்டுத் திண்ணை ஓரத்தில் அது சாய்ந்து நிற்கும். மிதிவண்டியைத்தான் சொல்லுகிறேன். அந்த வண்டி எனக்குப் பல ஊர்களைக் காட்டிற்று. முடிவில் என்னையே எனக்குக் காட்டிற்று. அந்த வரலாற்றைச் சொல்லுமுன், வண்டியின் வரலாற்றைச் சிறிது கேளுங்கள்.

1817-ஆம் ஆண்டில் செருமானிய நாட்டில் கார்ல் டிரைஸ் என்பவர் இரண்டு சக்கரங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டி, நடுவே அமர்ந்து, கால்களால் நிலத்தை உந்தி ஓட்டினார். மிதிகட்டை வந்தது பிற்பாடு. 1885-இல் இங்கிலாந்தில் ஸ்டார்லி என்பவர், ஏறக்குறைய ஒரே அளவான இரு சக்கரங்களும் பின்சக்கரத்தை இழுக்கும் சங்கிலியும் கொண்ட வண்டியைச் செய்தார். நம் தெருவில் ஓடும் வண்டி அதன் வழித்தோன்றலே. 1888-இல் டன்லப் காற்றடைத்த சக்கரத்தைக் கொடுத்தார். கல்லும் மேடும் நம் எலும்பை வருத்தாமல் இருப்பதற்கு அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

ஆனால், மிதிவண்டியில் ஏறி நாட்டைப் பார்ப்பது என்பதைக் கலையாகவே வளர்த்தவர்கள் பிரெஞ்சு மக்கள். 1903-இல் அங்கே ஒரு செய்தித்தாள் நாடு சுற்றும் பந்தயம் ஒன்றைத் தொடங்கிற்று. முதலாண்டில் 2428 கிலோமீட்டர் தொலைவை ஆறு கட்டங்களாக ஓட்டினார்கள். அந்தப் பந்தயத்தின் புகழை நீங்கள் அறிவீர்கள். நான் போற்றுவது பந்தயக்காரரை அன்று. சேன் எத்தியேன் என்னும் ஊரில் வாழ்ந்த பால் தெ விவீ என்பவரைப் போற்றுகிறேன். வெலோசியோ என்ற புனைபெயரில் எழுதிய அவர், முந்துவதற்காக ஓட்டாதீர்கள், காண்பதற்காக ஓட்டுங்கள் என்னும் கருத்தை வாழ்நாளெல்லாம் பரப்பினார். மேடு ஏறுவதற்கு ஒரு பல்சக்கரம், சமவெளிக்கு மற்றொன்று என மாற்றிக்கொள்ளும் ஏற்பாட்டுக்காகவும் வாதாடினார். அந்த ஏற்பாட்டைப் பந்தயத்தில் 1937 வரையில் அனுமதிக்கவில்லை என்பது வேடிக்கையான செய்தி. இன்றும் லுவார் ஆற்றங்கரையில், திராட்சைத் தோட்டங்களுக்கும் பழங்கோட்டைகளுக்கும் இடையே, முதியோரும் இளையோரும் ஊர் ஊராக மிதித்துச் செல்கிறார்கள்.

அதைப் படிக்கும்போதெல்லாம் என் உள்ளத்தில் ஒரு கேள்வி எழும். நமக்கு ஆறு இல்லையா? கோட்டை இல்லையா? பழைய ஊர் இல்லையா? எல்லாம் உண்டு. மிதித்துப் போய்ப் பார்ப்பவர்தாம் குறைவு.

1994-ஆம் ஆண்டு தை மாதம். விழுப்புரம் மாவட்டம் பிறந்து சில மாதங்களே ஆகியிருந்தன. இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019-இல்தான் தோன்றியது. நான் கல்வராயன் மலையடிவாரத்துப் பள்ளி ஒன்றில் உதவி ஆசிரியன். பொங்கல் விடுமுறைக்குத் திருக்கோவலூர்ப் பக்கத்திலுள்ள என் சொந்த ஊருக்குச் சென்றிருந்தேன். வேலைக்குத் திரும்பும்போது பேருந்தில் ஏறாமல், என் தந்தையாரின் பழைய கறுப்பு வண்டியில் புறப்பட்டேன். கேரியரில் ஒரு பை. பையில் மாற்று வேட்டி, காற்றடிக்கும் பம்பு, பஞ்சர் ஒட்டும் சாமான், கட்டுச்சோறு. விடுமுறையில் இன்னும் மூன்று நாள் மீதம் இருந்தது.

முதல்நாள் காலை திருக்கோவலூர். உலகளந்த பெருமாள் கோயிலின் ஓங்கிய கோபுரத்தை நெடுந்தொலைவிலிருந்தே காணலாம். மழையிரவில், ஒருவர் படுக்கவும் இருவர் இருக்கவும் மூவர் நிற்கவும் மட்டுமே இடமிருந்த ஓர் இடைகழியில் முதலாழ்வார் மூவரும் சந்தித்தார்கள் என்று போற்றப்படும் தலம் இது. பெண்ணையாற்றின் நடுவே கபிலர் குன்று நிற்கிறது. பாரி இறந்த பின், அவன் மகளிருக்காக வாழ்ந்து கடமை முடித்த அப்புலவர், உயிர் நீத்த இடம் அது என்பார்கள். வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டொன்றும் கபிலர் செய்தியைக் கூறுகிறது. பாட்டில் படித்ததைக் கல்லும் சொல்லுமானால் அதைவிட ஓர் ஆசிரியனுக்கு என்ன மகிழ்ச்சி வேண்டும்?

அங்கிருந்து பெண்ணையாற்றை ஒட்டி மேற்கே மிதித்தால் சம்பை என்னும் சிற்றூர் வரும். ஊரை அடுத்த பாறைக் குன்றில் ஒரு குகைத்தளம். வழி தெரியாமல் நின்ற என்னை ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் அழைத்துச் சென்று காட்டினார். 1981-இல் அங்கே தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு ஒன்று கண்டறியப்பட்டது. அதியமான் நெடுமான் அஞ்சி அந்தக் குகைத்தளத்தைக் கொடையாகக் கொடுத்த செய்தி அதில் உள்ளது. அவனுக்குச் 'சதியபுதோ' என்ற பட்டமும் காணப்படுகிறது. அசோகர் தம் கல்வெட்டில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு சேர்த்துக் கூறிய சதியபுத்திரர் யாவர் என்று அறிஞர் நெடுங்காலம் ஆராய்ந்து வந்தார்கள். இந்தச் சிறு குன்று அதற்கு விடை சொல்லிற்று. அதியமான் கோவலூரை வென்ற செய்தி புறநானூற்றில் உண்டு. புத்தகத்தில் வேறு வேறு பக்கங்களில் கிடந்த செய்திகள் ஒரு காலைப்பொழுது மிதிப்பில் ஒன்றாகச் சேர்ந்தன.

இரவு ரிஷிவந்தியத்தில் தங்கினேன். மறுநாள் தியாகதுருகம். சாலையில் செல்லும்போதே அந்தக் கோட்டைக் குன்று கண்ணில் படும். பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் தென்னாட்டில் மோதிய கருநாடகப் போர்க்காலத்தில், இருதரத்தாரும் இந்தக் குன்றின்மேல் கண் வைத்திருந்தார்கள். 1761 சனவரியில் புதுச்சேரி வீழ்ந்ததும் பிரெஞ்சு ஆட்சிக் கனவு ஒடுங்கிற்று. கோட்டையின் நிழலில் அன்று ஒரு கிழவி வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்தாள். நான் ஒரு பொட்டலம் வாங்கித் தின்றபடி, பேரரசுகள் எவ்வளவு சிறிய குன்றுகளுக்காகச் சண்டையிடுகின்றன என்று எண்ணி வியந்தேன்.

இப்படியெல்லாம் வியந்து, நான் நாட்டை நன்கு அறிந்தவன் என்ற செருக்கோடு கள்ளக்குறிச்சியைக் கடந்து, பள்ளி இருந்த ஊரில் இரவு தங்கினேன். மூன்றாம் நாள் மலையேறப் புறப்பட்டேன். அந்தச் செருக்கு உடைந்தது அன்றுதான்.

கச்சிராயபாளையத்தை அடுத்துக் கோமுகி அணை. மலையிலிருந்து இறங்கும் கோமுகியாற்றை அங்கே தேக்கியிருக்கிறார்கள். அதற்குமேல் மலை தொடங்குகிறது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியாகிய கல்வராயன் மலை 2000 முதல் 3000 அடி வரை உயர்ந்தது. என் வண்டிக்கு ஒரே பல்சக்கரம். வெலோசியோவின் ஏற்பாடு அதற்கு இல்லை. முதல் வளைவிலேயே இறங்கித் தள்ளத் தொடங்கினேன். அரைமணியில் மூச்சு வாங்கிற்று. கல்லின்மேல் அமர்ந்து, இன்னும் எத்தனை வளைவோ என்று மலைத்திருந்தபோது, மேலேயிருந்து ஒரு சிறுவன் கடுக்காய் மூட்டையுடன் இறங்கி வந்தான். என்னைக் கண்டதும் மூட்டையை இறக்கிவைத்துக் கைகட்டி நின்றான். என் ஒன்பதாம் வகுப்பு மாணவன்!

அவனை எனக்கு நன்கு தெரியும். தெரியும் என்று எண்ணியிருந்தேன். திங்கட்கிழமைதோறும் தாமதமாக வருபவன்; அதனால் திங்கட்கிழமைதோறும் முதற் பாடவேளை முழுவதும் என்னால் வகுப்பறைக்கு வெளியே நிறுத்தப்படுபவன். அடிவாரத்தில் உறவினர் வீட்டில் தங்கிப் படித்தான்.

"வண்டியைக் கொடுங்கள் ஐயா, நான் தள்ளுகிறேன்" என்றான். மூட்டையைப் புதரோரம் ஒதுக்கிவிட்டு, நான் மறுக்க மறுக்கக் கேரியரில் கைகொடுத்துத் தள்ளினான். இருவரும் ஏறினோம். அவன் ஊர் கரியாலூருக்கு அப்பால், பேருந்துப் பாதையை விட்டு ஒற்றையடிப் பாதையில் நடந்து சேர வேண்டிய சிற்றூர். சனிக்கிழமை ஏறுவான், வீட்டு வேலை செய்வான், திங்கட்கிழமை இறங்குவான்.

"எத்தனை மணிக்குப் புறப்படுவாய்?" என்று கேட்டேன்.

"விடிந்ததும் ஐயா. வழியில் ஓடை இருக்கிறது. இருட்டில் ஆத்தா விடமாட்டாள்."

"இதை ஏன் என்னிடம் ஒருநாளும் சொல்லவில்லை?"

அவன் சிறிது தயங்கினான். பிறகு மெல்லச் சொன்னான்: "ஏன் நேரம் கழித்து வந்தாய் என்றுதான் ஐயா கேட்டீர்கள். எங்கிருந்து வருகிறாய் என்று கேட்கவில்லை."

அதில் குறும்பும் இல்லை, குறையும் இல்லை. உள்ளதைச் சொன்னான். வளைவுகளில் அதற்குமேல் நான் பேசவில்லை.

கரியாலூரில் குளிர்ந்த காற்று வீசிற்று. அங்கிருந்து அவன் வீட்டுக்கு நடந்தோம். வாசலில் ஓர் இளைஞன் விறகு பிளந்துகொண்டிருந்தான். என்னைக் கண்டு எழுந்து வணங்கி, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். முகம் எங்கோ பார்த்தது போலிருந்தது. "அண்ணன் ஐயா. உங்களிடம் எட்டாம் வகுப்புப் படித்தான்" என்றான் சிறுவன். அப்போது நினைவு வந்தது. மூன்று ஆண்டுகளுக்குமுன் நெடுநாள் வராமை என்று காரணம் எழுதி, வருகைப் பதிவேட்டிலிருந்து ஒரு பெயரைச் சிவப்பு மையால் அடித்திருந்தேன். அவனும் திங்கட்கிழமைகளில் வெளியே நின்றவன்தான். நின்று நின்று, ஒரு திங்கட்கிழமை அவன் இறங்கி வரவே இல்லை. நான் கோடு கிழித்ததோடு என் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

அவன் தாய் சாமைச் சோறு இட்டாள். அந்தச் சோற்றை விழுங்குவது எனக்கு எளிதாக இல்லை.

அந்த மலையின் வரலாற்றையும் அன்று மாலை அங்கிருந்த முதியோரிடம் கேட்டேன். நாடு விடுதலை பெற்ற பின்னும் அம்மலை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. 1976-இல்தான் ஜாகீர் முறை நீங்கி அரசின் நேர் நிருவாகம் வந்தது. அதற்குமுன் கூலியில்லாமல் உழைத்த கதைகளை அவர்கள் சொன்னார்கள். ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய அதியமானை அறிந்திருந்த நான், பதினெட்டே ஆண்டுக்கு முந்திய இச்செய்தியை அறியாமல், அதன் அடிவாரத்திலேயே பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பேருந்து வேகத்தில் சென்றிருந்தால் இன்றும் அறிந்திருக்கமாட்டேன்.

திரும்பி வந்ததும் தலைமையாசிரியரிடம் சென்று நடந்ததைச் சொன்னேன். மலைப்பிள்ளைகளுக்காகத் திங்கட்கிழமை முதற் பாடவேளை விளையாட்டு வேளையாயிற்று. கணக்குப் பாடம் பிற்பகலுக்குச் சென்றது. அவ்வளவுதான் மாற்றம், ஒரு காகிதத்தில் இரண்டு கட்டங்களை இடம் மாற்றி எழுதினோம். அந்தச் சிறுவன் பத்தாம் வகுப்பைத் தேறினான். அவன் அண்ணனுக்கு அந்தக் கட்டம் காலத்தில் மாறவில்லை. அந்தச் சிவப்புக் கோட்டை இன்றளவும் நான் மறக்கவில்லை.

பின்னாளில் நான் தலைமையாசிரியனானபோது ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். சூன் மாதத்தில் கால அட்டவணை எழுதுமுன், மாணவர் வரும் ஊர்களுக்கெல்லாம் மிதிவண்டியில் ஒருமுறை போய் வருவேன். எந்த ஊருக்கு எந்த ஓடை குறுக்கே கிடக்கிறது, எந்தப் பேருந்து எத்தனை மணிக்கு வருகிறது என்பதை ஏட்டில் குறித்துக்கொள்வேன்.

நடப்பவன் மணிக்கு 5 கிலோமீட்டர் போவான். மிதிப்பவன் 12, 15 போவான். ஊரையும் ஊரையும் இணைத்துப் பார்க்க அந்த வேகம் போதும். எதிரே வருபவர் முகத்தைப் பார்த்து, 'எங்கிருந்து வருகிறீர்கள்?' என்று கேட்கவும் அந்த வேகம் இடம் கொடுக்கும். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின்போது, எழுத்தோடு மிதிவண்டியும் கற்ற பல்லாயிரம் பெண்கள் இதை நன்கு உணர்ந்தார்கள். தமிழ்நாட்டு அரசு 2001-இல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவியர்க்கு விலையின்றி மிதிவண்டி வழங்கத் தொடங்கிப் பின்னர் மற்றவர்க்கும் விரித்தது. அப்படிக் கிடைத்த வண்டி உங்களிலும் பலரிடம் இருக்கும்.

இன்று கரியாலூரில் படகுத்துறை உண்டு. விடுமுறை நாளில் கார்கள் வரிசையாக மலையேறுகின்றன. நீங்களும் சென்று பாருங்கள். ஆனால் சமவெளியில் ஒரு பகுதியையேனும் மிதித்துச் செல்லுங்கள். மூவர் நால்வராகப் போங்கள். வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். தடை பிடிக்கிறதா, காற்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மலைவழியில் இறங்கும்போது விரையாதீர்கள். கோட்டையைப் பாருங்கள், கல்வெட்டைப் பாருங்கள். அவற்றைப் பார்த்துத் திரும்பும் வழியில், உங்கள் வகுப்பில் கடைசி விசுப்பலகையில் அமர்ந்திருக்கும் தோழன் எந்த வழியாக வருகிறான் என்பதையும் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.