பழைய பள்ளியும் பழுதுபார்ப்பு மானியமும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நமது இமாம் ஆற்றிய உரை)

 

பழைய தொழுகைக் கூடத்தை இடித்துவிட்டுக் கான்கிரீட்டில் மாடி எழுப்ப வேண்டும் என்னும் கருத்து நம்மில் பலருக்கு இருக்கிறது. ஜுமுஆ நாளில் வெயிலில் விரிப்பிட்டுத் தொழும் இளைஞர்களின் குறை நியாயமானதே. அதை நாம் மறுக்கவில்லை. ஆயினும், கடப்பாரையைக் கையில் எடுக்குமுன் அண்டையிலுள்ள புதுவையை ஒருமுறை பார்த்து வருதல் நலம்.

அங்கே வைசியாள் வீதி என்று வழங்கும் கால்வே சுப்பராயச் செட்டித் தெருவில், திண்ணையும் மரத்தூண் தாழ்வாரமும் கொண்ட தமிழ் வீடுகள் வரிசையாக நிற்கின்றன. அவையும் சிதைந்து கொண்டிருந்தவையே. ஐரோப்பிய ஒன்றியத்தின் ‘ஆசியா அர்ப்ஸ்’ திட்டத்தின்கீழ், 2002 முதல் 2004 வரையிலான காலத்தில், பிரான்சின் வில்நெவ்-சுர்-லோ, இத்தாலியின் உர்பினோ ஆகிய நகரங்களோடு புதுவை கைகோத்தது. இன்டாக் அமைப்பு பணியை முன்னின்று நடத்தியது. முகப்பைச் சீரமைக்கும் செலவில் வீட்டுக்காரர் ஒரு பங்கை ஏற்றால், மறுபங்கு மானியமாகக் கிடைத்தது. முழுச் செலவையும் பிறரே தருவர் என்று காத்திருந்தவருக்கு அதில் இடமில்லை. 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருதும் அத்தெருவைத் தேடி வந்தது.

அதே புதுவையில், கடற்கரையை நோக்கி நின்ற ‘மேரி’ என்னும் பழைய நகரமன்றக் கட்டடத்தின் கதை வேறு. அரசின் உடைமையாக இருந்தும், பழுது முற்றி, 2014 நவம்பர் மழையில் அது இடிந்து விழுந்தது. பழைய தோற்றத்திலேயே மீண்டும் எழுப்பி 2021-ல் திறந்தார்கள். கூரை ஒழுகியபோது செய்திருக்க வேண்டிய செலவு எவ்வளவு, முழுக் கட்டடத்தையும் எழுப்பிய செலவு எவ்வளவு என்பதை வியாபாரம் அறிந்த நம் மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

நமது கூடத்திலும் நாம் ஒரு தவறு செய்தோம். வடபுறச் சுவரின் சுண்ணாம்புக் காரை உதிர்ந்தபோது, அதன்மேல் சிமெண்ட் பூசினோம். இரண்டு மழைக்காலம் தாங்கவில்லை. உப்பளத்து ஊரில் பிறந்த நாம் இதை முன்பே அறிந்திருக்க வேண்டும். பாத்தியில் நீர் வற்றினால் உப்பு பூப்பது போலத்தான் சுவருக்குள்ளும் நடக்கிறது. சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் அதனை உள்ளே அடைக்கும். அடைபட்ட உப்பு படிகமாகித் திரண்டு செங்கல்லையே பொரித்துத் தள்ளுகிறது. கான்கிரீட்டும் இதற்கு விலக்கன்று. கடற்காற்றின் உப்பு உள்ளே இறங்கினால் கம்பி துருப்பிடித்து விரிந்து கூரையை வெடிக்கச் செய்யும்.

தமிழக அரசு 2022-23 நிதிநிலை அறிக்கையில் பழமையான பள்ளிவாசல்கள், தர்காக்கள், தேவாலயங்களைப் புதுப்பிக்க 12 கோடி ரூபாய் ஒதுக்கியது. மாநிலம் முழுமைக்குமான தொகை அது. இத்தகைய உதவியை நாடும்போது வக்ஃப் பதிவும் தணிக்கை செய்த கணக்கும் பொறியாளரின் மதிப்பீடும் கையில் இல்லாத நிர்வாகம் எதனைக் காட்டி மனுச் செய்யும்? நமது மூலப் பத்திரம் எந்த அலமாரியில் இருக்கிறது என்பதே நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

வக்ஃபின் வருமானத்திலிருந்து முதலில் செலவிடத் தக்கது அதன் பராமரிப்பே என்பதும், வக்ஃப் செய்தவர் நிபந்தனை விதிக்காவிடினும் அவ்வாறே என்பதும் ஹனஃபி ஃபிக்ஹு நூல்களில் நாம் ஓதிய சட்டமாகும். ஆகவே மானியம் வந்தாலும் வராவிட்டாலும், கடை வாடகையில் ஒரு பகுதியைப் பழுதுபார்ப்புக்கென்று இவ்வாண்டு முதலே தனியாக ஒதுக்குமாறு நிர்வாகத்தைக் கேட்டுக் கொள்கிறோம். இடநெருக்கடிக்குத் தென்புறக் காலிமனையில் புதிய கூடம் எழுப்பலாம். பழைய கூடம் அதற்கு இடையூறாக நிற்கவில்லை.

பள்ளியின் பழைய புகைப்படமோ, ரசீதோ, பத்திர நகலோ எவரது வீட்டிலேனும் இருக்குமாயின், வரும் ஜுமுஆவுக்குள் அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டுகிறோம். நகல் எடுத்துக்கொண்டு மூலத்தைத் திருப்பித் தருவோம். சுண்ணாம்பு வேலை அறிந்த முதிய கொத்தனார் எவரையேனும் தெரிந்தவர்கள், அவரையும் அழைத்து வாருங்கள்.