எந்தச் சங்கத்து ஆள் என்று கேட்காதீர்கள்

(தோட்டத் தலைவர், தலைவியருக்கான பயிற்சி வகுப்பில் மாவட்டப் பிரதிநிதி ஒருவர் ஆற்றிய உரை)



லயத்தில் கூட்டம் போட்டால் யாராவது ஒருவர் எதிர்த்துக் கேட்பார். அப்போது நம் வாயில் முதலில் வருவது என்ன? "நீ எந்தச் சங்கத்து ஆள்? யார் சொல்லிக்கொடுத்தது?" நானும் அப்படிக் கேட்டவன்தான். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

2021 மார்ச் மாதம் சம்பள நிர்ணய சபை மூலம் நாள் சம்பளம் 1,000 ரூபாவாகியது. 900 அடிப்படை, 100 படி. அதற்காக எத்தனை வருடம் ரோட்டில் உட்கார்ந்தோம் என்று உங்களுக்குத் தெரியும். சில மாதம் கழித்து ஒரு தோட்டத்தில் அந்த வெற்றியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். மலையிலிருந்து இறங்கி, இடுப்புப் படங்கைக்கூட அவிழ்க்காமல் பின்னால் நின்ற ஒரு அக்கா கேட்டார்: "தம்பி, ஆயிரம் ரூபா என்கிறீங்க. எங்க வீட்டுக்கு வந்த காசு குறைஞ்சிருக்கே, அது எப்படி?"

"மற்றச் சங்கத்துப் பேச்சை இங்கே பேச வேண்டாம் அக்கா" என்றேன். கூட்டம் சிரித்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அடுத்த மாதம் அந்த மலையில் கொழுந்து எடுக்கும் 14 பெண்கள் சந்தாவை நிறுத்தக் கடிதம் கொடுத்தார்கள்.

தோட்டத் தலைவர் வயதானவர். என்னைத் திட்டவில்லை. "வா, அவங்க வீட்டுக்குப் போவோம்" என்று கூட்டிப் போனார். அந்த அக்கா தேத்தண்ணீர் தந்துவிட்டு, பிஸ்கட் டின்னிலிருந்து சம்பளச் சீட்டுகளை எடுத்து வைத்தார். முந்தி 20 பேர், அடிப்படை 700 படி 14,000. இப்போது 9 முழுப்பேர், 6 அரைப்பேர். 12,000. வேலை நாளைக் குறைத்திருந்தார்கள், கிலோவைக் கூட்டியிருந்தார்கள், கிலோ குறைந்தால் அரைப்பேர். கூட்டு ஒப்பந்தம் இருந்த காலத்தில் கிலோவைப் பேச ஒரு இடம் இருந்தது. கம்பனிகள் அதை விட்டு விலகிய பிறகு அதுவும் இல்லை. இதையெல்லாம் நான் காரியாலயத்தில் கேள்விப்பட்டிருந்தேன். ஆனால் அந்த அக்கா கேட்டது இதைத்தான் என்று எனக்கு விளங்கவில்லை, ஏனென்றால் நான் காது கொடுக்கவில்லை.

துரையிடம் நாம் குறை சொல்லப் போனால் அவர் கேட்பதும் இதே கேள்விதானே? "யார் உங்களைத் தூண்டிவிட்டது?" அப்போது நமக்கு எப்படி எரிகிறது!

அன்று மன்னிப்புக் கேட்டுவிட்டு, சீட்டுகளை வாங்கிப் பிரதி எடுத்தேன். இன்னும் சில வீடுகளிலும் கேட்டு வாங்கினோம். அந்தக் காகிதங்களோடு பேசியபோது துரையால் மறுக்க முடியவில்லை. கிலோவில் 2 குறைந்தது. வேலை நாள் பிரச்சினை தீரவில்லை; அதையும் மறைக்காமல் போய்ச் சொன்னோம். 14 பேரில் 9 பேர் திரும்பி வந்தார்கள்.

ஆகவே யாராவது எதிர்த்துக் கேட்டால், "எந்த மாதம்? எத்தனை கிலோ? சீட்டு இருக்கா?" என்று கேளுங்கள். உண்மையான குறை உள்ளவரிடம் நாளும் கணக்கும் இருக்கும். உங்களுக்குப் பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லி, திரும்பி வரும் நாளையும் சொல்லுங்கள். அந்த நாளில் பதில் கிடைக்காவிட்டாலும் போய் நில்லுங்கள். குடித்துவிட்டுக் கூட்டத்தைக் குழப்ப வருகிறவர்களும் உண்டுதான். அவரோடு அந்த இடத்தில் மல்லுக்கட்டாமல், "காலையில் பிரட்டுக்களத்தில் பேசுவோம் அண்ணே" என்று விடுங்கள். பாதிப் பேர் காலையில் வரமாட்டார்கள். வருகிறவருக்கு ஏதோ ஒரு குறை இருக்கிறது.

2024இல் 1,350 ஆனபோதும் இதே கேள்வி பல லயங்களில் வந்தது. இந்த முறை முதலில் சீட்டைக் கேட்டேன்.

அந்த அக்கா இன்னும் சந்தாவுக்குக் கையெழுத்து வைக்கவில்லை. ஆனால் கூட்டத்துக்கு வருகிறார். போன மாதமும் பின்னால் நின்றுகொண்டு, "தராசில் சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று எத்தனை கிலோ கழிக்கிறாங்க, கணக்கு வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். என்னிடம் இல்லை. அவரிடம் இருந்தது, ஒரு கொப்பியில் நாள்வாரியாக. அதை வாங்கி வந்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை துரையைச் சந்திக்கும்போது முதலில் அதைத்தான் மேசையில் வைக்கப் போகிறோம்.