மேய்ச்சல் நிலத்தின் தாவரக் கணக்கு

(ஊராட்சி உறுப்பினர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கை ஆண்டுதோறும் பார்க்கின்றோம். ஆனால் மேய்ச்சல் புறம்போக்கில் என்னென்ன புல்பூண்டுகள் எவ்வளவு உள்ளன என்னும் கணக்கு பெரும்பாலும் நம்மிடம் இருப்பதில்லை. அதனால் நல்ல புல்வெளியையும் தரிசு என்று கருதி உழுது, மரக்கன்று நட்டுவிடும் பிழை நேர்கின்றது. புல் அழிந்த பின்னர் ஆடுமாடுகளுக்குத் தீவனம் எங்கே தேடுவது?

செடிகள் தனித்து வாழ்வதில்லை. மண்ணுக்கும் மழைக்கும் ஏற்பக் கூட்டமாகவே வாழ்கின்றன. காங்கேயம் பகுதியின் கொறங்காட்டைப் பாருங்கள். தரையில் கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி. இவை சேர்ந்ததே அந்த மேய்ச்சல் நிலம். நிலத்தைக் குறிஞ்சி, முல்லை, மருதம் எனத் தாவரப் பெயரால் வகுத்த மரபு நம்முடையது. சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் பிரவுன்-பிளாங்கே 1928-இல் வெளியிட்ட நூலில், செடிக் கூட்டங்களை நேரில் கண்டு வகைப்படுத்தும் முறையை விரிவாக வகுத்துரைத்தார். இந்தியப் புல்வெளிகளை ஐந்து பெருவகைகளாகப் பிரித்த ஆய்வு நூல் 1973-இல் வெளிவந்தது.

இதன் எளிய வடிவத்தை நாமே கையாளலாம். வடகிழக்குப் பருவமழையால் புற்கள் கதிர்விடும் காலமே ஏற்றது. நான்கு மூங்கில் குச்சிகளால் ஒரு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள சட்டம் ஒன்று செய்து கொள்ளுங்கள். மேடு, பள்ளம், ஓடைக்கரை ஆகிய ஒவ்வொன்றிலும் இருபது இடங்களில் அதை வையுங்கள். நல்ல இடமாகத் தேடி வைத்தலாகாது. இத்தனை அடிக்கு ஒரு முறை என்று முன்பே வரையறுத்துக் கொள்ள வேண்டும். சட்டத்துக்குள் காணும் செடிகளின் பெயரையும், அவை தரையில் எத்தனை பங்கை மூடியுள்ளன என்பதையும் எழுதுங்கள். ஆடு மேய்ப்போரையும் மூதாட்டியரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். செடிகளின் பெயர்களை அவர்கள் நன்கறிவர்.

இருபதில் பதினைந்து சட்டங்களில் கொழுக்கட்டைப் புல் இருந்தால், அதன் பரவல் நூற்றுக்கு 75. இவ்வாறு ஒத்த துணைச்செடிகள் உள்ள சட்டங்களை ஒன்று சேர்த்தால், நிலம் தானே இரண்டு மூன்று வகைகளாகப் பிரிந்துவிடும்.

வகைகள் நிலத்தின் நிலையைக் கூறும். கால்நடை விரும்பும் பல்லாண்டுப் புற்கள் குறைந்து, அவை தீண்டாத ஆவாரை, எருக்கு, துடைப்பப் புல் மிகுந்தால், அளவுக்கு மீறி மேய்த்துவிட்டோம் என்பது பொருள். கோரை மிகுந்தால் நீர் தேங்குகின்றது. உமரி தோன்றினால் மண்ணில் உப்பு உண்டு. ஒரு செடியை மட்டும் கண்டு முடிவு செய்தல் கூடாது. கூட்டத்தையே நோக்க வேண்டும்.

நல்ல புல் எஞ்சியுள்ள பகுதியை உழாதீர்கள். சில மாதங்கள் மேய்ச்சலை நிறுத்தினால், அது விதை உதிர்த்துத் தானே பெருகும். சீமைக்கருவேலக் கன்றுகள் தென்பட்டால் இளமையிலேயே வேரோடு களையுங்கள். மரம் நடுவதற்குப் புல்லற்ற இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

இக்கணக்கை ஒரு பதிவேட்டில் எழுதிக் கிராம சபையில் படியுங்கள். அடுத்த ஆண்டும் அதே இடங்களில் அளந்து ஒப்பிடுங்கள். நிலம் வளர்கின்றதா, தேய்கின்றதா என்பதை அந்த ஏடே சொல்லிவிடும்.