கருவி வாங்குமுன்

தச்சுத் தொழில் பயின்ற இளைஞன் ஒருவன் தனக்கெனப் பட்டறை அமைக்க முற்படும்பொழுது, முதலில் எதிர்ப்படும் இடர் கருவிகளைப் பற்றியதேயாகும். கடையில் வரிசையாய்த் தொங்கும் கருவிகள் யாவும் வேண்டியன போலவே தோன்றுகின்றன. வீட்டு நகையை அடகு வைத்தேனும் அனைத்தையும் ஒருங்கே வாங்கிவிட மனம் அவாவுகின்றது. அவ்வாறு வாங்கியவன், முதற் கதவைச் செய்து முடிக்குமுன்னரே வட்டி கட்டத் தொடங்கிவிடுகின்றான். கருவிகளுட் பாதியோ கைபடாமலே துருவேறுகின்றன. ஆகவே, எதை வாங்குவது என்பதிலும் பார்க்க, எதை எப்பொழுது வாங்குவது என்பதே முதன்மையான வினாவாகும்.

இதற்கு விடை எளிது. கையிலுள்ள வேலை எந்தக் கருவியை வேண்டுகின்றதோ, அதனையே வாங்குதல் வேண்டும். ஒரு முக்காலியோ யன்னற் சட்டமோ செய்வதற்கு அளவு நாடா, மூலைமட்டம், கைவாள், 14 அங்குலச் சீவுளி, கால், அரை, ஓர் அங்குல அகலமுள்ள மூன்று உளிகள், சுத்தியல், துளையிடுங் கருவி, சாணைக்கல் ஆகியன போதும். கொட்டாப்புளியை ஒரு புளியமரத் துண்டிற் செய்துகொள்ளலாம். அதுவே நல்ல பயிற்சியுமாகும்.

சிக்கனம் எண்ணிக்கையில் இருத்தல் வேண்டும், தரத்தில் அன்று. மட்டமான உருக்கினாலான உளி, வைரமான மரத்தில் நாலு வெட்டு வெட்டுமுன் முனை மடங்கும். மூலைமட்டத்தைக் கடையிலேயே சோதிக்கலாம். நேரான பலகை விளிம்பில் அதனை வைத்து ஒரு கோடு கீறி, பின் மறுபக்கம் புரட்டி வைத்து, அதே இடத்தில் இன்னொரு கோடு கீறுக. இரு கோடுகளும் ஒன்றாயின் மட்டம் சரி. விலகினால் அது வேண்டா.

பழைய கருவிகளை இகழ்தல் தகாது. மேலே படிந்த துருவைத் தேய்த்து நீக்கலாம். ஆயின், உளியின் தட்டையான முதுகில் துரு ஆழக் குழி தோண்டியிருப்பின் கூரிய முனை அமையாது. வார்ப்பிரும்புச் சீவுளியின் வாயருகே வெடிப்பு உண்டாவெனப் பார்த்தல் வேண்டும். வாளின் பற்களை முக்கோண அரத்தால் மீண்டும் மீண்டும் கூராக்கலாம். பல்நுனி கறுத்துத் தோன்றும் இக்கால வாள்கள் பல அரத்துக்கு இணங்கா. அவை மழுங்கினால் எறியப்படுவனவே.

சாணை பிடிக்கத் தெரிந்தவனுக்கு மூன்று உளி போதும். தெரியாதவனுக்கு முப்பதும் போதா. உளியை 25 பாகைச் சாய்வில் தீட்டி, முனையை மட்டும் 30 பாகையில் மெருகிடுவது பொது வழக்கு. மின்சாணையில் அழுத்திப் பிடித்தால் உருக்கு சூடேறி நீலம் பாரிக்கும். நீலம் பாரித்த முனை தன் வைரத்தை இழந்துவிடும். எனவே, அடிக்கடி நீரில் தோய்த்துக்கொள்ளல் வேண்டும். கடற்காற்று வீசும் ஊர்களில், வேலை முடிந்ததும் கருவிகளைத் துடைத்து, மெல்லிதாய் எண்ணெய் பூசி வைத்தால் துரு அணுகாது.

மின்கருவிகள் காலத்தை மிச்சப்படுத்துவன என்பதில் ஐயமில்லை. எனினும், ஒரே வேலை திரும்பத் திரும்ப வந்து, கைக்கருவியால் ஈடுகொடுக்க முடியாதபொழுதே அவற்றை வாங்குதல் நன்று. அந்நிலையில் அக்கருவி தன் விலையைத் தானே உழைத்துத் தரும். ஆண்டில் ஒருமுறை மட்டும் வேண்டப்படுவதை வாடகைக்குப் பெறலாம்.

முடித்துக் கொடுத்த ஒவ்வொரு வேலையின் கூலியிலிருந்தும் ஒரு சிறு பங்கை ஒதுக்கி, அடுத்த கருவியை அதனைக்கொண்டே வாங்கும் வழக்கம் சாலச் சிறந்தது. அவ்வாறு சேர்ந்த பெட்டியில் தேவையற்ற கருவி ஒன்றும் இராது; கடனும் இராது.