சாளரத்தின் வழியே வந்த புகை



எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, ஐந்து வயதுத் தம்பி ஐப்பசி, கார்த்திகை இரவுகளில் படுக்க மாட்டாமல் எழுந்து உட்கார்ந்து, இரு கைகளையும் முழங்கால்மேல் ஊன்றி, தோள்கள் ஏறி இறங்க, கழுத்துக்குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்வாங்க, விடியுமட்டும் இழுத்துக்கொண்டிருப்பான். அம்மா அவன் முதுகை நீவியபடி இருப்பாள். அப்பாவோ பெற்ற மகனின் வேதனையைக் காணச் சகியாமல் வெளித்திண்ணையில் போய் அமர்ந்து, ஒரு சுருட்டு அணையுமுன் மறு சுருட்டைப் பற்றவைப்பார். திண்ணைக்கு மேலிருந்த சாளரம் காற்றுக்காகத் திறந்தே கிடக்கும். என் தந்தையார் மகா சாது. பிள்ளைகள்மேல் உயிரையே வைத்திருந்தவர். தாம் விடும் புகைதான் அந்தச் சாளரத்தின் வழியே வந்து மகனின் நெஞ்சை அடைக்கிறது என்று அவருக்கு எடுத்துச் சொல்வார் ஒருவரும் இல்லை.

தம்பியை வாட்டியது ஆஸ்துமா. அந்நோய் உள்ளவரின் மூச்சுக்குழல்கள் எளிதில் சினந்து சுருங்கும் சுபாவமுடையவை. புகை பட்டதும் குழலின் உட்சுவர் வீங்க, சுற்றியுள்ள தசை இறுக, பெருகிய சளி எஞ்சிய வழியையும் அடைத்துவிடுகிறது. அறையில் தங்கும் புகையில் பெரும்பகுதி புகைப்பவர் ஊதியது அன்று. அவர் விரலிடுக்கில் எரியும் நுனியிலிருந்து, எந்த வடிகட்டியையும் கடவாமல், சும்மா எழுந்தது. குழந்தையோ பெரியவர்களைவிட வேகமாக மூச்சு வாங்குவது. அதன் குழல்களும் குறுகியவை.

ஸ்காட்லாந்து தேசத்தில் 2006 மார்ச் 26 முதல் மதுச்சாலை, உணவுவிடுதி முதலிய மூடிய பொதுஇடங்களில் புகைபிடித்தல் சட்டத்தால் விலக்கப்பட்டது. வெளியில் இடமற்றுப் போனவர்கள் வீட்டுக்குள் வந்து புகைப்பார்கள், முடிவில் பிள்ளைகளுக்கே கேடு விளையும் என்று அப்போது பலர் அஞ்சினர். நியாயமான அச்சந்தான், அன்று அங்கிருந்தால் நானும் அப்படியே அஞ்சியிருப்பேன். நடந்தது வேறு. தொடக்கப்பள்ளியின் இறுதி வகுப்புப் பிள்ளைகளின் உமிழ்நீரைச் சட்டத்துக்கு முன்னும் பின்னும் சோதித்ததில், நிகோடின் உடலில் விட்டுச்செல்லும் எச்சம் 39 சதவீதம் குறைந்திருந்தது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்து ஜில் பெல் முதலானோர் 2010-இல் வெளியிட்ட ஆராய்ச்சியோ இன்னும் நெஞ்சைத் தொடுவது: ஆஸ்துமாவால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் தொகை, சட்டத்துக்கு முன் ஆண்டுக்கு 5.2 சதவீதம் ஏறிக்கொண்டிருந்தது, சட்டத்துக்குப் பின் ஆண்டுக்கு 18.2 சதவீத வேகத்தில் இறங்கிற்று. மதுச்சாலையின் வாசலையே மிதித்திராத, பள்ளிக்கும் போகாத சிறு குழந்தைகளிடத்திலும் இந்த இறக்கம் காணப்பட்டது!

ஊரார் நடுவே தகாதென்று ஒதுக்கப்பட்ட காரியத்தைத் தொட்டிலருகே செய்ய மனிதனுக்கு மனம் வரவில்லை என்றே நான் இதைப் பொருள் கொள்கிறேன். ஆயினும் ஒன்றை மறைத்தல் தகாது: தாயோ, தாய் தந்தை இருவருமோ புகைக்கும் இல்லங்களில் பிள்ளைகளின் உமிழ்நீர் அத்தனை தெளியவில்லை. சட்டம் வாசற்படி வரைதான் வருகிறது. அதற்கு அப்பால் அன்புள்ள ஒருவர் வாய்திறந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் நாட்டிலும் பொதுஇடங்களில் புகைக்கலாகாதென்று 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2003-இல் சட்டம் பிறந்தது. 2008 அக்டோபர் 2 முதல் விதிகள் நடைமுறைக்கு வந்தன. அறிவிப்புப் பலகைகளுக்குக் குறைவில்லை.

ஆயினும் நாம் கூடியிருக்கும் இந்த மண்டபத்துக்கு எதிரே உள்ள பெட்டிக்கடையில், பீடி பற்றவைப்பதற்கென்று நுனி கனன்றபடி ஒரு தேங்காய்நார்க் கயிறு தொங்குகிறது. மிட்டாய்க்கு வந்து நிற்கும் பிள்ளையின் முகத்துக்கு நேராக அது புகைந்துகொண்டிருந்ததை இன்று மாலை கண்டேன். கடைக்காரரிடம் என் தம்பியின் கதையைச் சொன்னேன். “இதை இதுவரை யாரும் சொல்லலையே ஐயா” என்றவர், சற்று நேரம் பேசாமல் நின்று, கனலும் நுனியை நறுக்கி வாளித் தண்ணீரில் போட்டார். நாளைக் காலையில் மறுபடி பற்றவைப்பாரோ என்னவோ. கூட்டம் கலைந்து போகையில் நீங்களும் அவரிடம் நின்று, அன்போடு ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போகும்படி வேண்டுகிறேன்.