அதே இருநூறு ரூபாய்

தில்லி லக்ஷ்மிபாய் நகர் அரசு ஊழியர் குடியிருப்பு. அங்கே இருப்பவர் ஓய்வுபெற்றால் ஓய்வூதியம் வரும். விலைவாசிக்கேற்ப ஆண்டுக்கு இருமுறை அகவிலை நிவாரணமும் கூடும். அதே வீடுகளில் பாத்திரம் துலக்கியே முதுமை அடைந்தவருக்கு?

1995 ஆகஸ்ட் 15-இல் தேசிய சமூக உதவித் திட்டம் தொடங்கியது. ஏழை முதியவருக்கு மத்திய அரசின் பங்கு மாதம் 75 ரூபாய். அது பிறகு 200 ஆயிற்று. 2007-இல் இந்திரா காந்தி பெயரில் திட்டம் விரிந்தபோதும் 200. 80 வயது ஆகும்வரை இன்றும் அதே 200. அரிசி விலையும் மருந்து விலையும் 2007-இல் நின்றுவிட்டனவா?

மாநிலங்கள் தம் பணத்தைச் சேர்ப்பதால்தான் பலருக்கு அடுப்பு எரிகிறது. சென்னை மாநிலமாக இருந்தபோதே, 1962-இல், முதியோர் உதவித்தொகை தந்தது நம் தமிழ்நாடு. 2023-இல் அது 1,200 ரூபாய் ஆனது. ஆனால் பிழைப்புக்காகத் தில்லி வந்த பாட்டிக்கு அந்தத் தொகை இல்லை. இங்கே கேட்டால், இத்தனை ஆண்டு வசித்ததற்குச் சான்று எங்கே என்கிறார்கள். வாடகை வீடு மாறிக்கொண்டே இருந்தவர் எதைக் காட்டுவார்?

ரேஷன் அட்டை எந்த மாநிலத்திலும் செல்லும்படி செய்தாகிவிட்டது. உதவித்தொகையையும் அப்படியே ஆளோடு நகரவிடலாம். அகவிலை நிவாரணம் கூடும் அதே நாளில் இதையும் கூட்டலாம்.