நோபிதா எந்த ரகம்?

(சென்ற மாதக் கூட்டமைப்புக் கூட்டத்தில் நமது கணக்காளர் பேசியதன் எழுத்து வடிவம்)



குழுத் தலைவிகளுக்கு நடந்த பயிற்சியில் ஒரு கேள்வித்தாள் கொடுத்தாங்க. பதில் எழுதியதும் ஒவ்வொருவருக்கும் நாலு எழுத்து வந்தது. "நீ இந்த ரகம், நான் அந்த ரகம்" என்று சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனோம். அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. பொருளாளர் தேர்வு பற்றிப் பேச்சு வந்தபோது ஒரு சகோதரியைச் சுட்டி, "இவங்க ஒதுங்கிப்போற ரகம்னு தாளிலேயே வந்துடுச்சே, இவங்க எப்படி பேங்குக்குப் போய்ப் பேசுவாங்க?" என்று கேட்டார்கள். அந்தச் சகோதரி தலையைக் குனிந்துகொண்டார். அதனால்தான் இன்றைக்குப் பத்து நிமிஷம் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

நம் பிள்ளைகள் டி.வி.யில் பார்க்கிற டோரேமான் கார்ட்டூன் தெரியும் இல்லையா? நீல நிறப் பூனை ரோபோ. ஜப்பான்காரர்கள் வரைந்தது. பத்திரிகையில் 1969 கடைசியில் தொடங்கியது. பிறகு நம் பிள்ளைகளுக்காகத் தமிழிலும் பேசியது. அதில் கண்ணாடி போட்ட பையன் ஒருவன் வருவானே, நோபிதா, அவனை எடுத்துக்கொள்வோம்.

அந்தக் கேள்வித்தாள் மாதிரியே அவனிடம் நாலு கேள்வி கேட்போம். கூட்டத்தோடு இருந்தால் தெம்பா, தனியாக இருந்தால் தெம்பா? தனியாகத்தான். கண்முன் இருப்பதைப் பார்ப்பானா, கற்பனையில் மிதப்பானா? கற்பனைதான். தலை சொல்வதைக் கேட்பானா, மனசு சொல்வதையா? மனசு. திட்டம் போட்டு நடப்பானா, போகிற போக்கில் விடுவானா? அதைக் கேட்கவே வேண்டாம், வீட்டுப்பாடம் ஒரு நாளும் முடித்ததில்லை. இந்த நாலையும் சேர்த்து அவனை ஐ.என்.எஃப்.பி. ரகம் என்று ரசிகர்கள் பலர் சொல்கிறார்கள். பரீட்சையில் பூஜ்யம் வாங்கி, தாளை அம்மாவிடம் ஒளிப்பவன். தலையணை கிடைத்தால் ஒரு விநாடிக்குள் தூங்கிவிடுவான். பொருத்தமாகத்தான் இருக்கிறது.

ஆனால் 1980-இல் வந்த முதல் டோரேமான் சினிமாவைப் பாருங்க. நோபிதா மண்ணைத் தோண்டி ஒரு டைனோசர் முட்டையைக் கண்டெடுக்கிறான். கல்லாகிப்போன அந்த முட்டையை டோரேமானின் கருவி பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது. நம் வீட்டுக் கோழி அடைகாப்பது போல, இந்தச் சோம்பேறிப் பையன் படுக்கையில் அதை அணைத்துச் சூடு கொடுத்துக் குஞ்சு பொரிக்க வைக்கிறான். யாருக்கும் தெரியாமல் தீனி போட்டு வளர்க்கிறான். ஒருத்தன் வந்து விலை பேசியபோது கொடுக்க மறுத்து, அந்தக் குஞ்சை அதன் காலத்திலேயே கொண்டுபோய் விடப் புறப்படுகிறான். போகிற போக்கில் விடுகிற ரகம் என்று எழுதினோமே, அவன்தான் இவன்!

அந்தக் கதையின் ஆரம்பமே நமக்குப் பழக்கமான விஷயம். கடன். நோபிதா பெரியவனாகி வியாபாரம் வைத்து, அது தீப்பிடித்து நொடித்துப்போய், அவன் விட்ட கடன் பேரப்பிள்ளைகள் காலம் தாண்டியும் தீரவில்லை. அதை மாற்றத்தான் அவனுடைய கொள்ளுப்பேரனின் மகன் வருங்காலத்திலிருந்து டோரேமானை அனுப்புகிறான். (உள்கடனிலே தவணை தவறினால் நாமும் ஒரு பூனையை அனுப்பலாம் என்று சிலர் சிரிப்பது தெரிகிறது.) "இவன் இந்த ரகம், இவ்வளவுதான்" என்று அந்தப் பேரன் நினைத்திருந்தால் கதையே இல்லை.

இன்னொன்று. அந்தக் கார்ட்டூனை உருவாக்கிய ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ, நோபிதா தன் சின்ன வயசுச் சாயல் என்று சொல்லியிருக்கிறார். அந்த மந்தமான பையன்தான் 1996-இல் இறக்கும்வரை, கால் நூற்றாண்டுக்கும் மேலாக டோரேமானை வரைந்தார்.

கார்ட்டூன் பையன் வாராவாரம் அதே மாதிரி இருந்தாக வேண்டும், அப்போதுதான் பிள்ளைகள் சிரிப்பார்கள். அவனே ரகத்துக்குள் அடங்கவில்லை. ஆறு மாதத்துக்கு முன் கையெழுத்துப் போடத் தயங்கியவர் இன்று தீர்மானம் எழுதுகிற குழு நம்முடையது.

இந்த நாலெழுத்து முறை எங்கிருந்து வந்தது என்றும் தேடிப் பார்த்தேன். அமெரிக்காவில் கேத்தரின் பிரிக்ஸ் என்ற தாயும் இசபெல் மையர்ஸ் என்ற மகளும் உருவாக்கியது. இருவருமே மனநல மருத்துவர்கள் இல்லை. யுங் என்ற மருத்துவர் 1921-இல் எழுதிய புத்தகத்தைப் படித்து யோசித்தவர்கள். இரண்டாம் உலகப்போர் சமயத்தில் ஆண்கள் போருக்குப் போய்விட, பெண்கள் பலர் முதன்முறையாக ஆலை வேலைக்கு வந்தார்கள். யாருக்கு எந்த வேலை தோது என்று பார்க்கத்தான் மகள் கேள்விகளைத் தயாரித்தார். நல்ல எண்ணம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் சில வாரம் கழித்து அதே தாளை மறுபடி எழுதினால் பலருக்கு வேறு எழுத்து வருகிறது. மாமியாரோடு சண்டை போட்ட அன்று எழுதினால் ஒன்று, மகள் பாஸான அன்று எழுதினால் ஒன்று! வேலைக்கு ஆள் எடுக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்று அந்தச் சோதனையை விற்கிற நிறுவனமே சொல்கிறது. நாம் பொருளாளர் தேர்வுக்கு எடுத்துக்கொண்டு வந்தோம்.

தனியாக இருந்தால் தெம்பு என்றால் பேசத் தெரியாது என்று அர்த்தமில்லை. அந்தச் சகோதரி கூட்டத்தில் அதிகம் பேச மாட்டார், உண்மைதான். போன வருஷம் வங்கியில் வட்டியைக் கூடுதலாகப் பிடித்துவிட்டார்கள். பாஸ்புக்கையும் ரசீதையும் எடுத்துக்கொண்டு தனியாகப் போய், இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து, அதைத் திரும்ப வரவு வைக்கச் செய்தவர் அவர்தான். அதை அவரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. தணிக்கை செய்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

அடுத்த கூட்டத்தில் ஓட்டெடுப்பு. போட்டியிடுகிற மூன்று பேருடைய குழு ரொக்கப் புத்தகமும் தீர்மானப் புத்தகமும் இந்த மேசையில் இருக்கும். யார் வேண்டுமானாலும் வந்து புரட்டிப் பாருங்க. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு நான் படித்துக் காட்டுகிறேன். அந்த நாலெழுத்துத் தாள்களைக் கோப்பில் சேர்க்கவில்லை, அவரவர் வாங்கிக்கொண்டு போகலாம்.